ரீவைண்ட் வேண்டாம், ஐயா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பத்தாறு வயது. கிழக்குத் தாம்பரத்தில் வீடு, நாவலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு பதினைந்து வருஷமாக என் கையில் இருந்தது. இப்போது இல்லை. ஒரு வீடியோ கேமுக்காக அதைப் பறிகொடுத்தேன். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு கேம் என்று சொன்னேனே, அது உண்மையில் ஒரு பெரிய குடும்பம். ஜப்பானில் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பாகம் பாகமாகப் போட்டுக்கொண்டே வருகிறார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆடுகிறவர்களுக்குப் படித்ததும் தெரிந்துவிடும், ஆடாதவர்களுக்குப் பெயர் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. தரையெல்லாம் கட்டம் போட்டிருக்கும். நம் ஆட்கள் ஒரு பக்கம், எதிரிகள் ஒரு பக்கம். நாம் ஒரு முறை எல்லோரையும் நகர்த்துவோம், பிறகு அவர்கள் நகர்த்துவார்கள். செஸ் மாதிரிதான். ஆனால் செஸ்ஸில் குதிரை போனால் குதிரை போனது, அவ்வளவுதான். இதில் குதிரைமேல் இருக்கிறவனுக்கு ஒரு பெயர் உண்டு, பயந்த சுபாவம் உண்டு, ஊரில் ஒரு தங்கை உண்டு, போன அத்தியாயத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் யாரோடோ சண்டை போட்டிருப்பான். அவனை நாம் ஒரு கட்டம் தள்ளி நிறுத்தினால் செத்துப்போவான். செத்தால் செத்ததுதான், கடைசி வரை வர மாட்டான்.

என் தம்பி காலேஜில் படிக்கும்போது யாரிடமோ வாங்கி வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் இதை ஏற்றினான். அவனுக்கு இரண்டே நாளில் அலுத்துவிட்டது. “நகர்த்து, நில்லு, மறுபடியும் நகர்த்து, நில்லு. செம பேஜாருக்கா” என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் எழுந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி வந்தபோது புடவைகளோடு அதுவும் வந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. படப்பை டிராஃபிக்கில் நொந்து வீடு வந்து சேர்கிற மனிதர், நான் டி.வி. முன்னால் என்ன செய்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதெல்லாம் கையிலேயே வைத்து ஆடுகிற கருவி வந்துவிட்டது. ஆபீஸ் வேன் மேடவாக்கத்தில் நிற்கிற நிற்புக்கு ஒரு கோட்டையையே பிடித்துவிடலாம்.

இத்தனை வருஷம் ஆடியவளுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருக்குமா? நிறைய இருக்கிறது, எதையும் மாற்றிக்கொள்கிற உத்தேசம் இல்லை. பழைய பாகங்களில் கத்தியும் வேலும் தேயும். இத்தனை தடவை குத்தினால் உடைந்துபோகும். புதிய பாகங்கள் சிலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது தப்பு. மாசக் கடைசியில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து, கனம் இருக்கிறதா என்று யோசித்துச் சமைத்தவளுக்குத் தெரியும், தீர்ந்துபோகிற பொருளைத்தான் மனுஷன் மதிப்பான். அப்புறம், முதல் அத்தியாயத்திலேயே நமக்கு அனுபவசாலியான குதிரை வீரர் ஒருவரைத் தருவார்கள். அவரைச் சண்டைக்கு விட்டால் சின்னவர்களுக்கு வாய்ப்பு போய்விடும், ஓரமாக உட்கார வையுங்கள் என்று இன்டர்நெட்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் உட்கார வைக்க மாட்டேன். அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால்தான் சின்னவர்கள் உள்ளே பயமில்லாமல் நடப்பார்கள். நடுவில் சில பாகங்களில் இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிறுத்தி நிறுத்தியே கல்யாணம் செய்துவைக்கலாம். அதை ஒரு கூட்டம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் காப்பித் தட்டோடு நின்றது போதும், அங்கேயும் போய்த் தரகு வேலை பார்க்க வேண்டுமா?

இதையெல்லாம் ஆன்லைனில் ஒரு குழுவில் எழுதினேன். “ஆன்ட்டி, உங்களுக்குன்னே ஈஸி மோடு இருக்கே” என்று ஒருவன் பதில் போட்டான். ஈஸி மோடில் ஆடுகிறவர்களை நான் கேலி செய்ததே இல்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து, சாகாத ஆட்களோடு நிம்மதியாக ஆடிவிட்டுப் போகட்டுமே, யார் வீட்டுச் சொத்து குறைகிறது? ஆனால் அந்தப் பையனுக்காகவே மிகக் கடினமான முறையில் ஒரு பாகத்தை முழுக்க முடித்தேன். முடித்ததற்கு அடையாளமான கடைசித் திரையைப் படம் பிடித்து அதே குழுவில் போட்டு, கீழே ‘ஆன்ட்டி’ என்று மட்டும் எழுதினேன்.

எதையும் பொறுத்துக்கொள்வேன், ஒன்றைத் தவிர. சமீபத்திய பாகங்களில் ரீவைண்ட் வந்துவிட்டது. தப்பான கட்டத்தில் ஆளை நிறுத்திவிட்டோமா, அவன் செத்துவிட்டானா, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், காலம் பின்னால் ஓடும். செத்தவன் எழுந்து பழைய இடத்துக்குப் போய் நிற்பான், அவன் செத்ததே நடக்காதது போல நாம் வேறு மாதிரி ஆடலாம். முன்பெல்லாம் ஆள் செத்தால் கருவியை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவீர்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். ஒன்றில்லை. அணைத்தால் நம்முடைய ஒரு மணி நேரமாவது நஷ்டமாகும். இதில் நஷ்டமே கிடையாது. முப்பது வருஷத்தில் அந்த வரிசைக்கு வந்த பெரிய கேடு இந்தப் பொத்தான்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தம் போட்டுச் சொல்வேன்.

சும்மா வாயால் சொல்லவில்லை. ஒருமுறை ஒரு பாலத்துச் சண்டையில், காயம் ஆற்றுகிற கோலை மட்டும் வைத்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணை, இன்னொருவனுக்கு மருத்துவம் பார்க்கட்டுமே என்று ஒரு கட்டம் முன்னால் அனுப்பினேன். அங்கே வில்லாளி ஒருவன் இருப்பதைப் பார்க்கவில்லை. அவள் விழுந்தாள். எனக்கு மிகவும் பிடித்த பெண். என் கட்டைவிரல் ரீவைண்ட் பொத்தான்மேல் இருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது, வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து ஆபீஸில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். பொத்தானை நான் அமுக்கவில்லை. காயம் ஆற்ற ஆளில்லாமல் மிச்சச் சண்டையை ஆடினேன். அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்னால் ஆடியதில்லை, ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டுத் தடவிப் பார்த்து நகர்ந்தேன். தப்புக்குப் பிறகு ஆடுகிற ஆட்டம்தான் ஆட்டம். இதுதான் என் கட்சி, இதற்காக யாரோடும் சண்டைக்கு வருவேன்.

என் வகுப்பிலும் இந்தக் கட்சிதான் நடந்தது. ஓய்வுநாள் பள்ளியில் மனனம் என்று ஒன்று உண்டு. வேத வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டு விழாவில் சபை முன்னால் நின்று பைபிளில் வருகிற சங்கீதப் பாடல் ஒன்றை முழுவதும் சொல்ல வேண்டும், பரிசு உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம், நடுவில் ஒரு வரி தடுக்கினால் உடனே முதல் வரிக்கு ஓடுவார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். வேகமாக ஆரம்பிப்பாள், ஒரே இடத்தில் தடுக்குவாள், முதலுக்கு ஓடுவாள், மறுபடியும் அங்கேயே வந்து தடுக்கி அழுவாள். “பாதியில வுட்டா பேட் லக் மிஸ்” என்பாள். நான் என் வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம் போட்டேன். தடுக்கினால் பின்னால் போகக் கூடாது. ஞாபகம் வருகிற அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக வேண்டும். போட்டியில் மார்க் குறையும் என்று பெற்றோர் சிலர் முனகினார்கள். குறையட்டும் என்றேன்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நான் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, கேட்கவில்லை, சொல்லவில்லை. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த வரிசையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பாகத்துக்குப் பாகம் அதில் ஏதாவது ஒரு மதம் வரும், கோயில் வரும், மேற்றிராணியார், அதாவது பிஷப், வருவார், பாதிக் கதைக்கு மேல் போனால் பெரும்பாலும் அவர்தான் வில்லன். கடைசியில் டிராகனாகக் கூட மாறுவார். இதில் எனக்குக் கோபமெல்லாம் வந்தது கிடையாது, சிரிப்புதான் வரும். எழுதியவர்கள் ஒரு சபைக் கமிட்டிக் கூட்டத்திலாவது உட்கார்ந்திருக்கிறார்களா? சபைக்காரர்கள் டிராகனாக மாற மாட்டார்கள். ஃபிளாஸ்கில் காப்பியோடு வீட்டுக்கு வந்து, “நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது” என்று ஆரம்பிப்பார்கள்.

எங்கள் சபையில் மாதம் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். போன வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் வீட்டு முறை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம். மத்தியானம் வரை ஆடிக்கொண்டிருந்தேன், கேசரி கிளற நேரமாகிவிட்டது என்று டி.வி.யை மட்டும் அணைத்துவிட்டு எழுந்தேன். கேம் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒருத்தி பேசுகிற வசனத்தில் நின்றிருந்தது.

இப்போதெல்லாம் ஜெபக் கூட்டத்துக்குப் பாட்டுப் புத்தகம் யாரும் கொண்டுவருவதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் டி.வி.யைப் போட்டு, போனிலிருந்து பாட்டு வரிகளை அதில் ஏற்றி, எல்லோரும் டி.வி.யைப் பார்த்துப் பாடுகிறோம். அதைக் கொண்டுவந்ததே எங்கள் பெண்கள் சங்கத் தலைவிதான். சேலையூரில் இருக்கும் ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், எல்லோருக்கும் அக்கா. நான் அடுப்படியில் முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன். அக்கா உரிமையோடு ரிமோட்டை எடுத்து டி.வி.யைப் போட்டிருக்கிறார். கூடம் திடீரென்று அமைதியானது. கரண்டியோடு எட்டிப் பார்த்தேன்.

திரை முழுக்கக் கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதி ஒருத்தி, தலையில் கொம்பு வைத்த கிரீடம், பின்னால் எரிகிற கோயில். கீழே கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில், இந்தத் திருச்சபையை இடித்துத் தரைமட்டமாக்குவோம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் சபையில் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். பாய்மேல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒன்றாகப் படித்து முடித்தார்கள்.

“இது யாரோடது?” என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர் என்னைக் காப்பாற்ற நினைத்தார், பாவம். “அது... பக்கத்து வீட்டுப் பையனோடது அக்கா. நம்ம டி.வி. பெருசுன்னு வந்து ஆடுவான்.”

பக்கத்து வீட்டில் பையனே கிடையாது. ஓய்வுபெற்ற தம்பதியும் ஒரு கிளியும்தான். அது வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இருந்தாலும் தலையாட்டத் தயாராக இருந்தார்கள். எல்லோருக்கும் கேசரி சாப்பிட்டுவிட்டு நல்லபடியாக வீட்டுக்குப் போக வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் பழைய இடத்துக்குப் போய் நின்றிருக்கும்.

“என்னோடதுக்கா,” என்றேன். “நான்தான் ஆடறேன். தம்பி காலேஜ் படிக்கிற காலத்துலேர்ந்து.”

கூட்டம் நடந்தது. பாட்டு பாடினோம், ஜெபம் பண்ணினோம். அக்கா ஜெபத்தில் ‘இந்த வீட்டில் நுழைந்திருக்கும் அந்தகாரம்’ என்று ஒரு வார்த்தை வந்தது. கேசரியை மட்டும் யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டே, “நீ ஏம்மா வாயத் தொறந்தே? அதான் நான் சொல்லி முடிச்சிட்டேன்ல” என்றார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் என்னை இல்லாத ஒரு பையனுக்குப் பின்னால் ஒளித்துவைக்கப் பார்த்தது சுருக்கென்றது, அதையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரிக்கு வரச் சொன்னார்கள். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், அங்கியை மாட்டிக் கழற்றி வைக்கும் சின்ன அறை அது, இரண்டு நாற்காலிக்கு மேல் போட முடியாது. எங்கள் ஐயருக்கு என்னைவிட வயது குறைவு, வந்து இரண்டு வருஷம் ஆகிறது, அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். அக்கா இன்னொரு நாற்காலியில் இருந்தார். நான் நின்றேன்.

“டீச்சர், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது,” என்று ஐயர் ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அடக்கினேன்.

அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார். “அதுல பிஷப்பைக் கொல்லணுமாமே? என் பேத்தி சொன்னா.”

“ஒரு வழியில போனா கொல்லணும் அக்கா. இன்னொரு வழியில போனா அந்த அம்மா பக்கமே நின்னு சண்டை போடலாம். நான் ரெண்டு வழியும் போயிருக்கேன்.”

“அந்த அம்மாவா? லேடி பிஷப்பா?” என்றார் ஐயர். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அக்கா திரும்பிப் பார்த்ததும் அதை மடித்து வைத்துக்கொண்டார்.

நான் விளக்கமாகவே சொன்னேன். அந்தப் பாகத்தில் நாம் ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு, அதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். டீ குடிக்கக் கூப்பிட்டு, பிறந்த நாள் ஞாபகம் வைத்து, யாருக்கு எது வரும் என்று பார்த்துப் பார்த்து வளர்ப்போம். பிறகு யுத்தம் வரும். நாம் எடுக்காத இரண்டு வகுப்புப் பிள்ளைகள் எதிர்க்கட்டத்தில் வந்து நிற்பார்கள். யார் பக்கம் நியாயம் என்று உலகம் முழுக்க ஆட்கள் வருஷக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கோயில்காரர்கள் செய்தது சரியா, இடிக்க வந்தவள் செய்தது சரியா என்று. எனக்குத் தெரிந்து ஒரு டீச்சரின் வயிற்றெரிச்சலை இவ்வளவு சரியாகச் சொன்ன விளையாட்டு வேறு கிடையாது என்றேன்.

“நீங்க எந்தப் பக்கம்?” என்றார் ஐயர்.

“பிள்ளைங்க பக்கம், ஐயா.”

அக்கா பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை அவர். எனக்கு டெங்கு வந்தபோது தினமும் கஞ்சி கொடுத்தனுப்பியவர். “நீ நல்லா வகுப்பு எடுக்கறே, அதை யாரும் இல்லேங்கல. ஆனா மந்திரவாதி, கொம்பு, கோயில இடிக்கிறது... இதையெல்லாம் வீட்ல வெச்சுக்கிட்டு, இங்க வந்து பிள்ளைங்களுக்கு வசனம் சொல்லிக் குடுக்கறது சரியா வருமா? பேரன்ட்ஸ் கேக்கறாங்க.”

“மந்திரவாதிய நான் வீட்ல வெச்சுக்கல அக்கா, பெட்டியில வெச்சிருக்கேன். அதுல காயம் ஆத்தறவங்களும் இருக்காங்க, அவங்களத்தான் நான் மொதல்ல வளக்கறேன். யாராவது கேட்டா சொல்லுங்க.”

வெளியே பிள்ளைகள் ஓடுகிற சத்தம், யாரோ பைக்கை ஸ்டார்ட் செய்கிற சத்தம். பிறகு ஐயர் குரலைத் தாழ்த்தினார். அவர் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

“டீச்சர், இத பெருசாக்க வேண்டாம். அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே, அத அப்படியே வெச்சுக்கலாம். பக்கத்து வீட்டுப் பையனோடது. கமிட்டியில நான் அப்படியே சொல்லிடறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், ஆட்டத்த விடவும் வேண்டாம். அதுக்கப்புறம் நீங்க பேசினத மட்டும் நாம யாரும் கேக்கலன்னு வெச்சுக்குவோம். வகுப்பு உங்களோடதாவே இருக்கும்.”

அக்காவும் தலையசைத்தார். இரண்டு பேரும் என்மேல் அன்பாகத்தான் இருந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேமை விடு என்று கூடச் சொல்லவில்லை. ‘என்னோடதுக்கா’ என்று நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அழித்துவிட்டு முந்தின கட்டத்தில் போய் நிற்கச் சொன்னார்கள். என் கண் முன்னால் வகுப்பு வந்தது. மரப் பெஞ்சு, சாக்பீஸ் தூள், முதல் வரியிலேயே கத்துகிற குரல்கள், குவார்ட்டர்ஸ் பெண் தடுக்குகிற அந்த இடம். பதினைந்து வருஷம். ஒரு ‘சரி’ போதும். சொல்லிவிடலாம் என்று தோன்றியது, தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சொன்னால், பிறகு எந்த முகத்தோடு அந்தப் பெண்ணிடம் பின்னால் போகாதே என்று சொல்வேன்?

“ரீவைண்ட் வேண்டாம், ஐயா,” என்றேன்.

“என்ன டீச்சர்?”

“சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். என்னோடதுதான். கமிட்டியிலயும் அப்படியே சொல்லுங்க.”

கமிட்டியில் அப்படியே சொன்னார். வகுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. ‘சிறிது காலம் ஓய்வு’ என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். எனக்கு எந்த ஓய்வும் தேவைப்படவில்லை. அன்றைக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது வீட்டுக்காரர் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். அவர் வண்டியை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார். வீட்டுக்கு வந்ததும், “சரி, என்னதான் இருக்கு அதுல? காட்டு பாப்போம்” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் சண்டையிலேயே மூன்று பேரைச் சாகடித்துவிட்டு, “இந்த ரீவைண்ட் பட்டன் எங்க கீது?” என்று கேட்டார். வேலை இடத்துப் பேச்சு அவர் வாயில் எப்போதாவது இப்படி வந்து விழும். சொல்லித் தர மாட்டேன் என்றேன்.

பிள்ளைகளிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யாராவது சொல்லி அவர்கள் கேட்க வேண்டாம் என்று. “நான் ஒரு கேம் ஆடறேன், அது சிலருக்குப் பிடிக்கல, அதனால கொஞ்ச நாள் வேற மிஸ் வருவாங்க” என்றேன். எந்த கேம் என்று மொத்த வகுப்பும் கேட்டது. அதை மட்டும் சொல்லவில்லை. பெற்றோர் வீட்டில் என் பேரைச் சொல்லித் திட்ட இன்னொரு காரணம் எதற்கு?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகிவிட்டன. ஆராதனை முடிந்து எல்லோரும் வகுப்புக்குப் போகிற நேரத்தில் நான் மரத்தடியில் வண்டிக்காக நிற்பேன். சபையை மாற்றிக்கொள்ளச் சொல்லி கூடுவாஞ்சேரியில் இருக்கும் தம்பி போனில் சொன்னான், அவன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு நல்ல சபை இருக்கிறதாம். எதற்கு மாற்ற வேண்டும்? நான் ஞானஸ்நானம் எடுத்த இடம். என்னைப் பார்க்கச் சங்கடமாக இருப்பவர்கள் வேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும் என்று, அதே நேரத்துக்கு, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழா வந்தது. டீச்சர்கள் எல்லாம் மேடைக்குப் பக்கத்தில், நான் கடைசி வரிசையில், வீட்டுக்காரரோடு. மனனப் போட்டிக்கு நடுவர் அக்காதான், முன்னால் மேஜை போட்டு மார்க் எழுதிக்கொண்டிருந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சங்கீதத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ரொம்ப நன்றாகச் சொன்னார்கள். புது டீச்சர் நல்ல பெண், நன்றாகத்தான் தயார் செய்திருந்தாள். அதை ஒப்புக்கொள்ள எனக்கு நெஞ்சு வலித்தது.

குவார்ட்டர்ஸ் பெண் கடைசியாக வந்தாள். அவள் உயரத்துக்கு மைக்கைத் தாழ்த்தினார்கள். வேகமாக ஆரம்பித்தாள், வழக்கம் போல. அதே இடத்துக்கு வந்தாள், அதே இடத்தில் நின்றாள். நான் முன் பெஞ்சின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மேடைக்குக் கீழேயிருந்து புது டீச்சர் அன்பாகச் சொன்னாள், “பரவால்லடா செல்லம், மொதல்லேர்ந்து சொல்லு.” அக்காவும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சொல்லு என்பது போலத் தலையசைத்தார். முதலிலிருந்து சொல்லி முடித்தால் மார்க் குறைக்க மாட்டார்கள், எங்கள் சபையில் அது வழக்கம்தான்.

பெண் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். “வேணா மிஸ்” என்றாள். அது ஸ்பீக்கரில் சபை முழுக்கக் கேட்டது. விட்ட வரியை விட்டுவிட்டு, அதற்கடுத்த வரியைப் பிடித்து, நிறுத்தி நிதானமாகக் கடைசி வரை சொன்னாள். ஒரு வரி குறைந்ததால் அவளுக்குப் பரிசு இல்லை. கீழே இறங்கும்போது அழவும் இல்லை.

சபையில் போட்டி முடிவதற்குள் கை தட்டுகிற பழக்கம் கிடையாது. நான் எழுந்து நின்று தட்டினேன். வீட்டுக்காரர் என் புடவையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். யார் தட்டுவது என்று அக்கா நாற்காலியில் திரும்பிக் கடைசி வரிசை வரை தேடினார். நான்தான் என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.